சபெலோ தீவில் ஒரு ஸதகா

அமெரிக்காவுக்குப் போய் வந்தவர்கள் நியூயோர்க் கட்டடங்களையும் நயாகரா நீர்வீழ்ச்சியையும் பற்றித்தான் கதை கதையாகச் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது ஓர் அரிசிப் பணியாரத்தைப் பற்றி.

2023 மார்ச்சில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஜோர்ஜியா மாநிலக் கரையோரத்திலுள்ள சபெலோ தீவுக்கு மருமகன் எங்களை அழைத்துப் போனார். சவன்னா நகரிலிருந்து தெற்கே ஒரு மணி நேரக் கார்ப் பயணம். பிறகு மெரிடியன் துறையிலிருந்து படகு. தீவுக்குப் பாலம் கிடையாது; முன்கூட்டியே ஏற்பாடு செய்தவர்களை மட்டும்தான் ஏற்றுவார்கள். உப்புப் புல் சதுப்புகளுக்கிடையே படகு வளைந்து வளைந்து போனது. கரையில் பெரிய பெரிய ஓக் மரங்கள், கிளையெல்லாம் நரைத்த தாடி போலப் பாசி தொங்க நின்றன.

தீவில் முதலில் காட்டியது இடிந்த சில சுவர்களை. சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்போடு மணலும் சிப்பி ஓடும் தண்ணீரும் குழைத்து வார்த்தவை. தடவிப் பார்த்தேன், ஓடுகள் கையில் குத்தின. இவற்றைக் கட்டியவர்கள் கூலி வாங்கியவர்கள் அல்லர், அடிமைகள்.

மனிதர் யாவரும் சமமென்று 1776இல் உலகுக்கு அறிவித்துப் பிறந்த தேசம் அது. ஆனால் 1787இல் எழுதிய யாப்பிலேயே, 1808 வரை அடிமை இறக்குமதியைத் தடுக்கக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். ஜோர்ஜியாவின் கதை இன்னும் விநோதமானது. பிரித்தானியக் குடியேற்றமாக இருந்த காலத்தில், 1735இல், அங்கே அடிமை முறை தடை செய்யப்பட்டிருந்தது. பக்கத்துத் தென் கரோலினாவின் நெல் வயல்கள் கொட்டிய லாபத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. 1751இல் தடை போயிற்று.

1802இல் சபெலோவின் தென்பகுதியை வாங்கிய தோமஸ் ஸ்போல்டிங் என்பவர் பருத்தியும் கரும்பும் பயிரிட நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்தார். அவர்களில் ஒருவர் பிலாலி முஹம்மது. இன்றைய கினி நாட்டிலுள்ள திம்போவில் பிறந்து, பிடிபட்டு, பஹாமாஸ் தீவுகளில் விற்கப்பட்டு, அங்கிருந்து சபெலோவுக்கு வந்தவர். மனைவி பெயர் ஃபீபி. பெண்மக்கள் ஏழு பேர். ஒருத்தி பாத்திமா, ஒருத்தி மதீனா.

பிலாலி தோட்டத்தில் தலைமைக் கங்காணியாக இருந்தவர். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. 1812இல் தொடங்கிய பிரித்தானிய யுத்தத்தின்போது எசமான் கொடுத்த 80 துப்பாக்கிகளோடு தீவைக் காத்து நின்றார் என்றும் சொல்கிறார்கள். அதே யுத்தத்தில் அயல் தீவுகளின் அடிமைகள் நூற்றுக்கணக்கில் பிரித்தானியக் கப்பல்களில் ஏறி விடுதலை பெற்றார்கள். அதற்கும் முன்னால், 1803இல், ஸ்போல்டிங்குக்கும் அவர் கூட்டாளிக்கும் என்று வாங்கி அனுப்பப்பட்ட இக்போ மக்கள், பக்கத்து சென்ற் சைமன்ஸ் தீவருகே கப்பலில் கிளர்ந்தெழுந்தார்கள். கரையிறங்கியதும் அடிமையாவதைவிட மேலென்று ஓடை நீருக்குள் நடந்து போனார்கள். பலர் மூழ்கி மாண்டார்கள். இவர்களோடு பிலாலியை வைத்துப் பார்த்தால் மனம் சஞ்சலப்படத்தான் செய்கிறது. ஆனால் ஏழு பெண்மக்களில் எவளையும் எந்த நாளும் சந்தையில் விற்கும் உரிமை எசமானுக்கு இருந்தது. அந்த வாப்பாவின் நிலையில் நின்று பாராமல் தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் அரபு எழுத்தில் எழுதிய 13 பக்கங்கள் எஞ்சியிருக்கின்றன. தோட்டக் கணக்காகவோ நாட்குறிப்பாகவோ இருக்கும் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1939இல் ஓர் அமெரிக்க ஆய்வாளர் அதை ஆபிரிக்காவுக்குக் கொண்டுபோய் ஆலிம்களிடம் காட்டினார். உள்ளே இருந்தது வுழூவும் பாங்கும் தொழுகையும். மாலிகி மத்ஹபின் ‘ரிஸாலா’ என்ற பழைய நூலிலிருந்து சிறுவயதில் ஓதியதை, புத்தகமோ உஸ்தாதோ இல்லாத தீவில், நினைவிலிருந்து எழுதி வைத்திருக்கிறார். இப்போது அது ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

சரி, பணியாரத்துக்கு வருகிறேன். 1930களில் அரசாங்கத்தின் எழுத்தாளர் குழுவொன்று தீவின் முதியவர்களிடம் பழைய கதைகளைக் கேட்டு எழுதியது. 1940இல் அது நூலாக வந்தது. அதில் கேட்டி பிரவுன் என்ற மூதாட்டி பேசுகிறார். பிலாலியின் மகள் மார்கரட்டின் பேத்தி. பிலாலியும் ஃபீபியும் மணிமாலை உருட்டியதையும், சூரியன் உதிக்கும்போதும் உச்சியில் நிற்கும்போதும் சாயும்போதும் பாய் விரித்து முழங்காலிட்டதையும் வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறார். வருடத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் பாட்டி ஒரு பணியாரம் செய்வாராம். அரிசியைக் கழுவி இரவெல்லாம் ஊறவிட்டு, காலையில் உரலிலிட்டு உலக்கையால் மாவாக இடித்து, தேனோ சீனியோ சேர்த்துக் கையால் தட்டையாகத் தட்டி, பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கொன்று கொடுப்பாராம். அதன் பெயர் ‘சாராகா’. இன்னொரு முதியவரின் பாட்டி ஹெஸ்டர், அவரும் பிலாலியின் மகள்தான், சுளகு நிறையப் பணியாரத்தைக் கொண்டுவந்து பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி, மூன்று தடவை ‘ஆமீன்’ சொன்ன பிறகே உண்ண விடுவாராம்.

சாராகா என்பது நமது ஸதகாவேதான், சகோதரிகளே. பேரப்பிள்ளைகள் அதைப் பணியாரத்தின் பெயர் என்றே நினைத்திருந்தார்கள். அதற்குள் அவர்கள் கிறிஸ்தவர்களாகி இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. கொடுக்கத் தன் கையில் காசில்லாத, தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாத ஒரு பெண், பங்காகக் கிடைத்த அரிசியில் ஸதகா கொடுத்திருக்கிறாள். எசமானின் பேரேட்டில் இதற்கு ஏது கணக்கு? பிலாலியின் வழிவந்த எழுத்தாளர் கொர்னீலியா பெய்லி (2017இல் காலமானார்) தன் சிறுவயதில்கூடக் கிழக்கு நோக்கிப் பிரார்த்திக்கவே மூத்தவர்கள் பழக்கியதாக எழுதியிருக்கிறார். நமக்கு மேற்கே கிப்லா. அவர்களுக்குக் கிழக்குப் பக்கம்.

விடுதலையும் வந்தது. 1865 ஜனவரியில் சவன்னாவில் கறுப்பினப் போதகர்கள் இருபது பேரை அழைத்து என்ன வேண்டும் என்று ஜெனரல் ஷேர்மன் கேட்டபோது, நிலம் என்றார்கள். நான்கு நாளில் இந்தத் தீவுகளை விடுதலை பெற்றவர்களுக்கு, குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை, ஒதுக்கிக் கட்டளை பிறந்தது. அதே வருடக் கடைசிக்குள் ஜனாதிபதி அன்ட்ரூ ஜோன்சன் நிலத்தைப் பழைய எசமான்களுக்கே திருப்பினார். அடிமை முறையை அடியோடு ஒழித்த 13ஆவது திருத்தம் டிசம்பரில் நிறைவேறியபோது கையில் விடுதலை இருந்தது, காலடியில் மண் இல்லை. பிறகு காசு சேர்த்து, 1871இல் சிலர் கூட்டாக ஏறத்தாழ 1,000 ஏக்கர் வாங்கினார்கள். அதிலிருந்தும் இருபதாம் நூற்றாண்டில், தீவை வாங்கிய புகையிலைச் செல்வந்தர் ஒருவர் காலத்தில், பெயர்க்கப்பட்டு ஹொக் ஹமொக் என்ற ஒரே ஊருக்குள் ஒடுங்கினார்கள். நாங்கள் போனபோது அங்கே எஞ்சியிருந்தவர்கள் சில டசின் பேர்தான். நாங்கள் வந்து ஆறு மாதத்தில், 2023 செப்டெம்பரில், பெரிய வீடுகள் கட்ட மாவட்ட சபை அனுமதித்தது. பணக்காரர் வந்தால் வரி ஏறும், வரி ஏறினால் வளவு போகும் என்று ஊரார் வழக்குக்குப் போனார்கள். 2024 ஒக்டோபரில், அவர்களது கலாசாரத் தின விழாவன்று, நாங்கள் காலடி வைத்த துறையின் நடைபாலம் உடைந்து ஏழு பேர் இறந்தார்கள். செய்தி கேட்டபோது அந்த உப்புக் காற்றின் வாசம் எனக்கு மூக்கில் வந்தது.

தீவிலிருந்து திரும்பிய இரவே அரிசி ஊறப்போட்டேன். மகள் வீட்டில் உரலேது? பிளெண்டரில்தான் அடித்தேன். சுளகும் இல்லை, பீங்கான் தட்டு. “இது எந்த ஊர்ப் பணியாரம், உம்மும்மா?” என்று பேத்தி கேட்டாள். முதலில் ஆமீன் சொல்லு, பிறகு சொல்கிறேன் என்றேன். மூன்று தடவை சொல்லிவிட்டுத் தட்டுக்குக் கை நீட்டினாள்.