மடித்து வைத்த கைலி

வெளியூர் புறப்படும் போதெல்லாம் என் துணைவியார் எதை மறந்தாலும் ஒரு கைலியை மறப்பதில்லை. நான் உடுத்தியிருப்பது போக, துவைத்து மடித்த இன்னொன்று பெட்டியின் மேல்மடிப்பில் இருந்தாக வேண்டும். ஒரே இரவுப் பயணமானாலும் அப்படித்தான். "இதென்ன வாப்பா பிடிவாதம்?" என்று பிள்ளைகள் நகைப்பதுண்டு. காரணத்தை அவர்களிடம் இதுவரை நான் கூறியதில்லை.

ஏறத்தாழ இரண்டு மீட்டர் துணியின் இரு முனைகளையும் சேர்த்து மூட்டினால் கைலி. பொத்தான் இல்லை; உடலளவு பார்க்க வேண்டியதில்லை. உடுத்தலாம், போர்த்தலாம், விரிக்கலாம், சுருட்டித் தலைக்கு வைக்கலாம். குளித்தெழுந்தால் துவட்டிக் கொள்ளலாம், வக்து வந்துவிட்டால் தொழுகை விரிப்பாக்கலாம். சோழமண்டலக் கரையின் துணிகள் மரக்கலமேறிக் கீழைக் கடல் நாடுகளுக்குச் சென்ற வரலாற்றை நாம் அறிவோம். கட்டம் போட்ட கைலியை மலாய் மக்கள் இன்றும் ‘காயின் பெலிகாட்’ என்றே அழைக்கின்றனர். ‘காயின்’ என்றால் துணி. ‘பெலிகாட்’ என்பது 1613-இல் டச்சுக்காரர் கோட்டை கட்டிய நம் பழவேற்காடே. இடையில் உடுத்தும் துணியை அரபியில் ‘இஸார்’ என்பர். இஹ்ராம் அணியும் ஹாஜிகள், செல்வரும் வறியரும் ஒருபோல, இடையில் உடுத்துவது தைக்காத அந்த இஸாரைத்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன். 1988-ஆம் ஆண்டு. மதரஸாவில் ஆண்டுத் தேர்வு முடிந்து, என்னை அழைத்துச் செல்ல வந்த வாப்பாவுடன் சென்னையிலிருந்து இராமநாதபுரத்திற்கு இரயிலேறினேன். அந்நாளில் அது மீட்டர் கேஜ் பாதை. பெட்டியில் நெருக்கடி. எதிர் இருக்கையில் ஓர் இளந்தாய். மடியில் ஆறு மாத ஆண் குழந்தை. வீறிட்டு அழுத பிள்ளை எவ்வளவு தட்டியும் உறங்கவில்லை. அவள் கொண்டுவந்த துணிகளெல்லாம் நனைந்து போயிருந்தன.

"அண்ணே, தூளி கட்ட ஒரு துணி இருக்குமா?" என்று என்னிடம் கேட்டாள்.

என் பையில் வெளுத்த கைலி ஒன்று இருந்தது. சுபுஹுத் தொழுகைக்கென நான் பேணி வைத்திருந்தது. பிள்ளை நனைத்துவிட்டால் நஜீஸாகிவிடுமே என்று எண்ணினேன். "இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

மேல் பலகையில் படுத்திருந்த வாப்பா ஒன்றும் பேசாமல் இறங்கினார்கள். தம் பையிலிருந்த கைலியை எடுத்து நீட்டினார்கள். சாமான் பலகையின் கம்பியில் தூளி தொங்கிற்று. சற்று நேரத்தில் குழந்தை உறங்கியது. அந்தப் பெட்டியே உறங்கியது. எனக்கு மட்டும் உறக்கமில்லை.

விடியும் வேளையில் மானாமதுரையில் வண்டி நின்றது. நனைந்த கைலியை அந்தப் பெண் கூச்சத்துடன் திருப்பிக் கொடுத்தாள். வாப்பா அதைக் குழாயடிக்குக் கொண்டு சென்றார்கள். நானும் பின்னே சென்றேன்.

"இந்த வருஷம் என்ன கிதாபு ஓதினே, தம்பி?"

"ஃபத்ஹுல் முயீன், வாப்பா."

"பால்குடி ஆம்பளப் பிள்ளையோட சிறுநீர் பட்டா என்ன செய்யணும்னு அதுல இருக்கு?"

"இரண்டு வயது நிரம்பாமல், பாலையன்றி வேறு உணவு உண்ணாத பிள்ளையாயின், பட்ட இடத்தில் நீர் பரவும்படித் தெளித்தாலே போதும்." தேர்வில் எழுதிய விடையை அப்படியே ஒப்பித்தேன்.

வாப்பா நீர் தெளித்தார்கள். "சட்டம் தெரிஞ்சிருக்கு. பிறகு ஏன் இல்லைன்னு சொன்னே?"

அதற்கு எந்தக் கிதாபிலும் எனக்கு விடையில்லை. ஈரக் கைலியை நடைமேடையில் விரித்து வாப்பா தொழுதார்கள். என் பையிலிருந்த தூய கைலியை எடுக்க நாணி, அவர்களருகே வெறுந்தரையில் நின்று தொழுதேன்.

வாப்பா மறைந்து ஆண்டுகள் பல உருண்டுவிட்டன. அன்று முதல் என் பெட்டியில் இரண்டாவது கைலி இல்லாமல் பயணமில்லை. இதுவரை இருவர்தாம் கேட்டிருக்கின்றனர். பேருந்தில் வாந்தியெடுத்த பிள்ளையின் தாய் ஒருத்தி; அவள் கழுவித் திருப்பித் தந்தாள். மருத்துவமனை வராந்தாவில் குளிரில் நடுங்கிய முதியவர் ஒருவர். அவரிடமிருந்து திரும்பி வரவில்லை.

வெறும் பெட்டியுடன் வீடு திரும்பிய அன்று, கைலி எங்கே என்று துணைவியார் கேட்கவில்லை. அடுத்த பயணத்திற்குப் புதிதாக ஒன்றை மடித்து வைத்திருந்தார்.