மாசி வெயிலும் மயிலை மாடிகளும்

குளிர் நாடுகளில் பனி உருகினால் வசந்தம் வந்துவிட்டது என்று அர்த்தம். நம் மயிலாப்பூரில் உருகுவதற்குப் பனி ஏது? இங்கே அதற்கு வேறு அடையாளம் உண்டு. ஒரு நாள் காலை ஆறு மணிக்கு மொட்டை மாடிப் படிக்கட்டில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்கும். பின்னாலேயே, "அந்தப் பழைய வேஷ்டியை எங்கே வைச்சே?" என்று ஒரு குரல் வரும். அவ்வளவுதான், வடாம் காலம் பிறந்துவிட்டது!

பஞ்சாங்கத்தைக் கேட்டால் அது ஒப்புக்கொள்ளாது. இளவேனில் சித்திரையில்தான், மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம் என்று கணக்குச் சொல்லும். ஆனால் வீட்டுக் காரியம் தெரிந்தவர்கள் சித்திரை வரையில் காத்திருப்பதில்லை. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் ஓய்ந்து, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மழையே மிகக் குறைவு. வெயிலும் உடம்பைச் சுடாமல், ஆனால் மாவைக் காய வைக்கும் அளவுக்கு ஏறியிருக்கும். இந்த ஆறேழு வாரத்தில் சேர்த்து வைத்ததைத்தான் அடுத்த மாசி வரையில் குடும்பம் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளிலும், அவற்றிலிருந்து பிரிந்து போகும் சின்னச் சின்னத் தெருக்களிலும் இந்த நாட்களில் ஒரு நடை போய் வாருங்கள். கண்ணுக்கு முன்னால் மூக்குக்கே சமாசாரம் தெரிந்துவிடும். ஒரு வீட்டிலிருந்து பெருங்காயமும் பச்சை மிளகாயும் கலந்த கூழ் வாசனை, அடுத்த வீட்டில் புதுப் புளி, தெருக்கோடியில் மல்லிகை. மார்கழியிலும் தை மாதத்திலும் எட்டாத விலையில் இருந்த மல்லிகை, பங்குனியில் வரத்து அதிகமானதும் இறங்கி வந்து எல்லோருடைய கூந்தலுக்கும் சொந்தமாகிவிடுகிறது.

கூழும் குடையும்

நான் ஏறிப் பார்த்த முதல் மாடி, தெற்கு மாட வீதிக்கு அருகில் ஒரு பழைய வீட்டினுடையது. வீட்டுக்காரி எழுபதைத் தாண்டியவர். தெருவே அவரை 'மாமி' என்றுதான் அழைக்கிறது; நாமும் அப்படியே அழைப்போம்.

மாமி மாடிக்கு வருவதற்குள் ஏழு மணி ஆகிவிட்டது. "பனி ஈரம் போகட்டும்னு காத்துண்டிருந்தேன். ஈரத் தரையிலே வேஷ்டியை விரிச்சா, அடிப்பக்கம் காயவே காயாது" என்றார்.

பச்சரிசி மாவைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கவிட்டு, கைவிடாமல் கிளற வேண்டும். மாவு நன்றாக வெந்து கண்ணாடி போல் பளபளப்பு வந்தால்தான் பதம். வேகாத மாவில் பிழிந்த வடாம் எண்ணெயில் போட்டால் பொரியாது, கல்லாகக் கிடக்கும். காரணம் எளிது. வெந்த மாவு காய்ந்த பிறகும் அதற்குள் கொஞ்சம் ஈரம் ஒளிந்திருக்கும். கொதிக்கும் எண்ணெயில் அது ஆவியாகிப் புறப்படும்போதுதான் வடாம் உப்பி மலருகிறது.

உப்பு விஷயத்தில் ஒரு ரகசியம் உண்டு. கூழை ருசி பார்க்கும்போது உப்பு சற்றுக் குறைவாகவே தெரிய வேண்டும். காயக் காயத் தண்ணீர் போய்விடும். உப்பு எங்கும் போகாது. கூழில் சரியாக இருந்த உப்பு, வடாமில் கரிக்கத் தொடங்கிவிடும். எலுமிச்சம்பழச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே விட வேண்டும்.

அரிசிக் கூழ் வடாம், இலை வடாம், வெங்காயக் கருவடாம் என்று வரிசையாக நடக்கிறது காரியம். அவசரக்காரர்களுக்கு ஜவ்வரிசி வடாம். சேலத்துப் பக்கத்து மரவள்ளிக் கிழங்கின் மாவுதான் அந்த வெள்ளை முத்துக்கள். கூழாகக் காய்ச்சிக் கரண்டியால் ஊற்றினாலே போதும், அச்சும் வேண்டாம், தோள் வலியும் வேண்டாம்.

காக்கைக்குக் காவல் வேண்டுமே! மாமியின் மாடியில் ஒரு கறுப்புக் குடை விரித்து நிறுத்தப்பட்டிருந்தது. குடைக்குப் பக்கத்தில் எட்டு வயதுப் பேரன். காக்கை தின்றதை விடக் காவல்காரன் தின்றது அதிகம் என்பதற்கு வேஷ்டியின் ஓரத்தில் இருந்த வெற்றிடங்களே சாட்சி. மேலே காய்ந்து, உள்ளே கூழாகவே இருக்கும் அந்த அரைக் காய்ச்சல் வடாமின் ருசி, பொரித்த வடாமுக்குக்கூட வராது என்பது குழந்தைகளின் ஏகமனதான தீர்ப்பு. மாமி அதைக் கண்டும் காணாமலும் இருக்கிறார்.

புளியும் மிளகாயும்

புளி வேலைக்குப் பொறுமைதான் மூலதனம். புதுப் புளி வந்ததும் வெயிலில் காயப்போட்டு, ஓடும் நாரும் நீக்கி, கொட்டை எடுத்து, கல்லுப்பைத் தூவி ஜாடியில் அழுத்தி அடைக்க வேண்டும். இந்த வேலையைத் தனியாகச் செய்கிறவர்கள் யாரும் இல்லை. நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து, நாற்பது வீட்டுக் கதை பேசிக்கொண்டே செய்தால்தான் கொட்டை வரும். ஒரு தெருவின் கல்யாணங்களில் பாதி புளி ஆயும் வட்டத்தில் நிச்சயமானவை என்று மாமி சொன்னார், நான் மறுக்கவில்லை.

கொட்டையும் வீணாவதில்லை. முழுக் கொட்டை பல்லாங்குழிக்கு. ஒரு பக்கம் வெள்ளை தெரியும் வரையில் தரையில் தேய்த்தால் தாயக்கட்டம் ஆடுவதற்கு ஆகும். வீட்டுக்கு வேண்டாமென்று தள்ளினாலும், நெசவு ஆலைகளில் நூலுக்குக் கஞ்சி போடப் புளியங்கொட்டை மாவு பயன்படுகிறது. நீங்கள் கட்டியிருக்கும் சேலைக்கும் புளி ஜாடிக்கும் தூரத்து உறவு இருக்கலாம்!

அடுத்த மாடியில் சிவப்புக் கம்பளம் விரித்தாற்போல் மிளகாய். உருண்டு திரண்ட இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய்க்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த மாடிக்காரப் பெண்மணிக்கு அது தெரியாது. "காரமும் இருக்கணும், நிறமும் இருக்கணும், காம்பை ஒடிச்சா 'டக்'குனு சத்தம் வரணும். அம்புட்டுத்தான் நான் பார்ப்பேன்" என்றார். குறியீடு கொடுத்தவர்கள்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நடுவிலே ஒரு நோன்பு

இத்தனை வேலைக்கு நடுவில் மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நேரத்தில் காரடையான் நோன்பு வருகிறது. மார்ச் மாதத்தின் நடுவில், சில வருஷம் பகலில், சில வருஷம் நடுநிசிக்குச் சமீபத்தில்கூட அந்த நேரம் வாய்க்கும். வறுத்த அரிசி மாவு, காராமணி, தேங்காய், வெல்லம் சேர்த்துத் தட்டி ஆவியில் வேக வைத்த அடை, கூடவே உப்படை, மேலே ஒரு உருண்டை வெண்ணெய். சாவித்திரியின் கதை தெரியாதவர்களுக்கும் அடையின் ருசி தெரியும். 'மாசிக் கயிறு பாசி படியும்' என்ற நம்பிக்கையில், மாசி கழிவதற்குள் மஞ்சள் சரடு கட்டிக்கொண்டுவிட எல்லோரும் அவசரப்படுவார்கள்.

வடு வந்தது

பங்குனி பிறந்ததும் தெற்கு மாட வீதிக் காய்கறிக் கடைகளில் கூடை கூடையாக மாவடு வந்து இறங்குகிறது. "அழகர் மலை வடும்மா!" என்று கூவினால் விலை ஒரு படி ஏறிவிடும். மதுரைக்குப் பக்கத்து அழகர்கோவில் வடுவுக்கு அப்படி ஒரு கியாதி. கூவப்படும் வடு எல்லாம் அங்கே காய்த்ததுதானா என்று விசாரிப்பது நாகரிகமல்ல. காம்போடு இருக்கிறதா, அடிபடாமல் இருக்கிறதா, கிள்ளிப் பார்த்தால் பால் வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

மாமியின் கணக்கு மிகவும் சுலபம்: ஒரு படி வடுவுக்கு ஓர் ஆழாக்குக் கல்லுப்பு. எட்டு ஆழாக்கு ஒரு படி ஆகையால், எட்டுக்கு ஒன்று. 1956-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு படியும் ஆழாக்கும் கடைகளிலிருந்து மெல்ல மெல்ல விடைபெற்று, கிலோவும் லிட்டரும் வந்துவிட்டன. பாதகமில்லை, எட்டுக் கிண்ணம் வடுவுக்கு ஒரு கிண்ணம் உப்பு என்றாலும் கணக்கு அதுவேதான்.

வடுவைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காம்பைச் சிறிதளவு விட்டு நறுக்கி, விளக்கெண்ணெய் தடவிப் புரட்டுகிறார்கள். பிறகு ஜாடியில் ஒரு வரிசை வடு, ஒரு வரிசை உப்பு. மஞ்சள் பொடி, மிளகாய்ப் பொடி, கடுகுப் பொடி. மறுநாளிலிருந்து தினம் ஒரு தடவை குலுக்கிவிட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமலே நாலைந்து நாளில் ஜாடி பாதி நிரம்பிவிடும். அத்தனையும் வடுவுக்குள் இருந்த நீர். உப்பு அதை வெளியே இழுத்துவிடுகிறது. பத்து நாளில் வடு கிழவியின் கன்னம்போல் சுருங்கினால் ஊறுகாய் தயார். தயிர் சாதம் அதற்காகவே காத்திருக்கும்.

இதற்கிடையில் வேப்ப மரங்கள் பூக்கத் தொடங்கியிருக்கும். முதல் நாள் மாலை மரத்தடியைப் பெருக்கித் துணியை விரித்து வைத்தால், விடியற்காலையில் பூ தானாகவே கொட்டிக் கிடக்கும். காய வைத்தால் வருஷம் முழுவதும் ரசத்துக்கு ஆகும். முதல் பிடி சித்திரை வருஷப் பிறப்புப் பச்சடிக்கு.

ஊரே திருவிழா

பங்குனிப் பெருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் மாட வீதிகளில் நடக்க இடம் கிடைப்பது அரிது. மூன்றாம் நாள் காலை அதிகார நந்தி, ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்து மூவர். அந்த எட்டாம் நாள் காலையில்தான் ஞானசம்பந்தர் பூம்பாவையை உயிர்ப்பித்த வைபவம் நடக்கிறது. சம்பந்தர் பாடிய அந்தப் பதிகத்திலேயே மாசிக் கடலாட்டும் பங்குனி உத்திரமும் வருகின்றன. சுமார் 1,300 வருஷங்களுக்கு முன்பே மயிலையில் இந்த மாதங்கள் இப்படித்தான் களை கட்டியிருந்தன என்று தெரிகிறது.

அறுபத்து மூவர் அன்று வீட்டுக்கு வீடு நீர் மோர், பானகம். வாசலில் நின்று அந்நியர்களுக்கு மோர் ஊற்றும் பெண்களின் முகத்தைப் பாருங்கள். ஒரு மாதமாக மாடியில் வெயில் தின்ற களைப்பு அதில் இராது.

சாவி யாரிடம்?

இவ்வளவும் எழுதிவிட்டு, இதையும் எழுதாவிட்டால் நியாயமில்லை. இந்த வேலைகளுக்கெல்லாம் ஆதாரம் ஒரு மொட்டை மாடி. மயிலையில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்புகின்றன. அவற்றுக்கும் மாடி உண்டு; ஆனால் அதில் பாதி தண்ணீர்த் தொட்டிக்கு, இன்னும் கொஞ்சம் சூரிய மின் தகடுகளுக்கு. மிச்சத்துக்குப் பூட்டு.

மாமியின் வீடும் சித்திரைக்குப் பிறகு இடிபடப் போகிறது. அதே இடத்தில் எழும்பப் போகும் கட்டிடத்தில் அவருக்கும் ஒரு ஃபிளாட் உண்டு. அதற்காகவே இந்த வருஷம் எல்லாவற்றையும் இரண்டு பங்காகப் போட்டிருக்கிறார். சமையல் அறை எத்தனை அடி, பூஜை அறை எந்தத் திசை என்றெல்லாம் கட்டிடக்காரர் வரைபடத்தை விரித்துக் காட்டினாராம். மாமி கேட்டது ஒரே கேள்வி: "மொட்டை மாடிச் சாவி யார்கிட்டே இருக்கும்?" அவரிடம் பதில் இல்லை.

மாமியின் நாட்டுப்பெண் கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிறாள். வாரத்தில் ஐந்து நாள் வெயிலையே பார்க்காதவள், சனிக்கிழமை காலையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் மாடிக்கு வந்திருந்தாள். "அம்மா, 'கொஞ்சம்'னு சொன்னா எனக்குப் புரியாது. அளந்து சொல்லுங்கோ" என்றாள். மாமிக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஐம்பது வருஷமாகக் கைதான் அவருக்குத் தராசு. பிறகு தன் கைப்பிடி உப்பைக் கிண்ணத்தில் கொட்டி அளந்து பார்த்தார். அந்த மாடியில் எட்டு வகை வடாமின் அளவுகள் அன்று முதல் தடவையாக எழுத்தில் ஏறின.

"அத்தனையும் எழுதிண்டாச்சு. வேலை யார் செய்யறது?" என்று மாமியே கேட்டார். நியாயமான கேள்வி. வடாம் வேண்டுமென்று கேட்கிற வாய்கள் வீட்டில் ஐந்து. பிழிகிற கை ஒன்றுதான் என்றால் இந்தக் கலை இன்னும் பத்து வருஷம்கூடத் தாங்காது. அவர் கேட்டு முடிப்பதற்குள் மகன் நாழியை வாங்கிக்கொண்டு பிழிய ஆரம்பித்தார். முதல் வரிசை பாம்புபோல் நெளிந்தது. மூன்றாவது வரிசை பரவாயில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு குடியிருப்பில் இதற்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பதினாறு வீட்டுப் பெண்களும் சேர்ந்து சங்கத்தின் காரியதரிசியிடம் பேசி, பங்குனி முடியும் வரையில் சனி, ஞாயிறுகளில் காலை ஆறு முதல் மாலை ஐந்து வரை சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். முறை போட்டுக் காவல். பொதுவில் ஒரு அடுப்பு. வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளை கிளறவோ சுமக்கவோ வந்தாக வேண்டும் என்று நிபந்தனை. முதல் வாரம் முணுமுணுத்த காரியதரிசி, இரண்டாம் வாரம் ஒரு தட்டு அரைக் காய்ச்சல் வடாம் கைக்கு வந்ததும் மாலை ஆறு மணி வரை நீட்டித்துவிட்டார்.

இந்த யோசனையை மாமியிடம் சொன்னேன். "பதினாறு வீடா?" என்று கேட்டுவிட்டு, விரல் விட்டு ஏதோ எண்ணினார். பிறகு நாட்டுப்பெண்ணைக் கூப்பிட்டு, "அந்த நோட்டிலே கடைசிப் பக்கத்திலே எழுதிக்கோடி: பதினாறு வீட்டுக்கு அரிசி எத்தனை படின்னு கணக்குப் போடணும்" என்றார்.