கூலியும் நற்கூலியும்

வானகரத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஓரமாக நின்று ஒரு காலைப்பொழுதைக் கழித்தவர்களுக்கு, உழைப்பு என்பது இன்னதென்று எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சுபுஹு தொழுது நாம் வெளிவரும்போதே மீன் சந்தையை நோக்கி வண்டிகள் விரைகின்றன. பொழுது ஏறியதும் அம்பத்தூர் சாலையில் தொழிற்பேட்டைக்குச் செல்வோர் நெருக்கியடிக்கின்றனர். 1964ஆம் ஆண்டில் தோன்றிய அத்தொழிற்பேட்டை எத்தனையோ குடும்பங்களின் அடுப்பை எரியவைத்திருக்கிறது. இத்தகைய ஊரில் வாழ்ந்துகொண்டு, வேலை செய்பவரைப் பற்றியும் வேலை வாங்குபவரைப் பற்றியும் எண்ணாதிருத்தல் அரிது. ஆயினும் நாம் நெடுங்காலம் எண்ணாமலே இருந்தோம். எண்ண வைத்தவர் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர்.

ஓரிரவு மணி பத்தரை இருக்கும். ஸலாம் சொல்லிக்கொண்டு அவர் வந்தார். வழக்கம்போல் பாயை விரித்து, "உட்காருங்கள் தம்பி" என்றோம். அவர் தயங்கினார். "மன்னியுங்கள் ஹழ்ரத், நாற்காலி இருந்தால் நல்லது. கால் மடங்க மறுக்கிறது" என்றார். இளமையில் சம்மணமிட்டு மணிக்கணக்கில் ஓதிய பிள்ளை அவர். இன்றும் வயது முப்பதை எட்டவில்லை.

அவர் ஒரு துணிக்கடையில் பணிபுரிகிறார். காலை பத்து மணிக்குக் கடைக்குள் நுழைந்தால் இரவு பத்து மணி வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் அமரக்கூடாது. சுவரில் சாய்ந்தாலும் சம்பளத்தில் பிடித்தம் உண்டாம். "வேறு வேலை தேடுகிறேன், துஆச் செய்யுங்கள்" என்று கேட்கவே வந்திருந்தார். "வேலை கடினம் என்பதற்காகவா?" என்றோம். "இல்லை ஹழ்ரத். மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதலாளிக்கு என் பெயர் தெரியாது. 'சேலைப் பிரிவு, இங்கே வா' என்றுதான் கூப்பிடுகிறார்" என்றார்.

அந்த முதலாளியை நாம் நன்கறிவோம். ஜும்ஆவில் முன் வரிசையில் அமர்பவர். நோன்புக் கஞ்சிக்கு ஆண்டுதோறும் அரிசி மூட்டைகளை அனுப்புபவர். அவருடைய ஈகையை நாமே பயானில் பாராட்டியிருக்கிறோம். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

உட்காருவதென்பது இன்று வெறும் கருணையன்று, சட்டமும் ஆகும். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021ஆம் ஆண்டு செய்யப்பெற்ற திருத்தம், ஊழியர் அனைவருக்கும் தக்க இருக்கை அளிக்க வேண்டும் என்றும், வேலை நேரம் முழுவதும் அவர்களை நிற்க வைத்தல் கூடாது என்றும் விதிக்கிறது. கேரளம் 2018இலேயே இவ்வழியில் முந்திக்கொண்டது. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்திற்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்னும் வரம்போ 1947ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ளது. அதற்கும் முன்னர், 1918 ஏப்ரல் 27 அன்று, பெரம்பூர் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிற்சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா அதன் தலைவர், திரு.வி.க. அதில் முன்னின்று உழைத்தவர். அத்தொழிலாளரின் முறையீடுகள் கூலியோடு முடியவில்லை. உண்ணப் போதிய நேரமில்லை என்பதும், மேலாளர்கள் இழிவாக நடத்துகின்றனர் என்பதும் அவற்றுள் அடங்கும். நூறாண்டு கடந்தும் ஒரு துணிக்கடைப் பிள்ளை அதையே சொல்கிறார்.

நம் மார்க்கம் இதில் வாய்மூடி இருக்கவில்லை. அறபியில் 'அஜ்ர்' என்னும் சொல் உழைத்தவனுக்குத் தரும் கூலியையும் குறிக்கும். அல்லாஹ் தன் அடியார்க்கு அளிக்கும் பிரதிபலனையும் குறிக்கும். தமிழ் முஸ்லிம்களாகிய நாமும் முன்னதைக் கூலி என்கிறோம். பின்னதை நற்கூலி என்கிறோம். பின்னதை நாடி அள்ளிக் கொடுக்கும் கை, முன்னதைக் கொடுக்கும்போது சுருங்குவது எவ்வாறு?

மத்யன் நகரில் மூஸா (அலை) அவர்கள் பணியில் அமர்ந்த வரலாற்றைத் திருக்குர்ஆன் 'அல்கஸஸ்' அத்தியாயத்தில் கூறுகிறது. பணியில் அமர்த்தத் தக்கவன் வலிமையும் நம்பகமும் உடையவனே என்று அப்பெண்மணி தம் தந்தையாரிடம் பரிந்துரைக்கிறார். இந்த வசனத்தைக் கடைத் திறப்பு விழாக்களில் நாம் பலமுறை விளக்கியிருக்கிறோம். ஆனால் அடுத்த வசனத்தில் அம்முதியவர் செய்தது என்ன? தவணை எட்டு ஆண்டு என்று தெளிவாகச் சொன்னார். பத்தாக நிறைவு செய்வதை மூஸா (அலை) அவர்களின் விருப்பத்திற்கே விட்டார். உம்மைச் சிரமப்படுத்த நாடவில்லை என்றும் வாக்களித்தார். ஊழியரின் தகுதியைப் பேசும் வசனத்தை ஓதிவிட்டு, முதலாளியின் வாக்கைப் பேசும் வசனத்திற்கு முன் நிறுத்திக்கொள்வது நம் வழக்கமாகிவிட்டது.

பத்தாண்டுக் காலம் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், தம்மை அவர்கள் ஒருநாளும் 'சீ' என்று சொன்னதில்லை என்கிறார்கள். பணியாளர் உங்கள் சகோதரர். நீங்கள் உண்பதிலிருந்து அவருக்கு உண்ணக் கொடுங்கள். தாங்க முடியாத வேலையைச் சுமத்தாதீர்கள். சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்பது அண்ணலாரின் கட்டளை. நம் வள்ளுவரும் 'தெரிந்து வினையாடல்' அதிகாரத்தில், தொழிலில் ஊன்றி நிற்பவன் உரிமையோடு பழகுவதைத் தவறாகக் கருதுபவனை விட்டுத் திரு நீங்கும் என்று எச்சரிக்கிறார். 'பரக்கத்' நீங்கும் என்று நாம் சொல்வதும் அதைத்தான்.

இவற்றையெல்லாம் மனத்தில் அடுக்கிக்கொண்டு, ஒருநாள் அஸருக்குப் பின் அக்கடைக்குச் சென்றோம். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து நம்மை அமரச் செய்து, குறுக்கிடாமல் கேட்டார். பின்னர் மெல்லிய குரலில், "ஹழ்ரத், தவறாக எண்ணாதீர்கள். நம் மக்தபில் ஓதிக்கொடுக்கும் இளைய உஸ்தாது இங்கே கடனுக்குத் துணி எடுக்கிறார். சென்ற மாதச் சம்பளம் அவருக்கு எந்தத் தேதியில் கிடைத்தது?" என்று கேட்டார்.

நமக்கு நா எழவில்லை. மக்தபின் கணக்கு நம் கையில்தான் இருக்கிறது. சந்தா வசூலானதும் கொடுப்பது என்பது பழைய வழக்கம். சில மாதம் பத்தாம் தேதி, சில மாதம் இருபது. அவர் ஒருமுறையும் கேட்டதில்லை. கேளாமையை நாம் மனநிறைவு என்று கொண்டோம். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொல்லும் நபிமொழியைப் பிள்ளைகளுக்கு மனனம் செய்வித்தவரும் அவரே!

அவ்வாரமே நிர்வாகிகளைக் கூட்டினோம். ஒரு மாதச் சம்பளத்தை எப்போதும் முன்னதாகவே கையிருப்பில் வைப்பதென்றும், முதல் தேதியில் கொடுத்துவிட்டே மற்றச் செலவென்றும் எழுதி ஒப்பமிட்டோம். பிறகு உஸ்தாதைத் தனியே அழைத்து, வேறு குறை உண்டா என்று வினவினோம். சம்பள உயர்வு கேட்பார் என எதிர்பார்த்தோம். அவர் தலைகுனிந்தபடி, "ஹழ்ரத், என் ஓதுதலில் பிழை கண்டால் பிள்ளைகளின் முன்னால் திருத்த வேண்டாம். தனியே சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்" என்றார். அனஸ் (ரலி) அவர்களின் வரலாற்றை எத்தனை முறை சொல்லியிருப்போம்! நம் எதிரிலேயே ஓர் இளைஞர் நாள்தோறும் தலைகுனிந்ததை நாம் காணவில்லை.

இப்போது அவருடைய வகுப்பறையிலிருந்து வரும் ஓசை மாறியிருக்கிறது. மாலை நேரம் முடிந்த பின்னும், தடுமாறும் பிள்ளைகளை அவரே விரும்பி அமர்த்தி ஓதவைக்கிறார். நாம் அவரிடம் அப்படிக் கேட்கவில்லை.

துணிக்கடையிலும் பிரிவுக்குப் பிரிவு முக்காலிகள் வந்துவிட்டன. பிடித்தம் நின்றது. நம் மாணவர் வேலையை விடவில்லை. முதலாளி இப்போது பெயர் சொல்லி அழைக்கிறாராம். ஆனால் பத்து மணி முதல் பத்து மணி வரை என்பது இன்னும் குறையவில்லை. அதைப் பற்றிப் பேச வரும் வாரம் மீண்டும் செல்லவிருக்கிறோம். இம்முறை அவர் நம்மைத் திருப்பிக் கேட்டால், தேதியைச் சொல்ல நம்மால் இயலும்.