கடைசிப் பந்தி

சுமோ வீரர் என்றதும் எல்லோருக்கும் தொப்பை ஞாபகம் வரும். எனக்குப் பந்தி ஞாபகம் வருகிறது.

இவர்கள் சேர்ந்து தங்கிப் பயிற்சி எடுக்கும் வீட்டுக்கு ஜப்பானில் ‘ஹெயா’ என்று பெயர். அறை என்று அர்த்தம். வெள்ளைக்காரன் அதை ‘ஸ்டேபிள்’ ஆக்கிவிட்டான். அதாவது குதிரை லாயம்! சைஸைப் பார்த்து யானைக் கொட்டடி என்றாவது வைத்திருக்கலாம்.

ஆபீஸ் வேலையாக டோக்கியோ போனபோது, அராஷியோ ஹெயாவின் பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே, தெருவில் நின்று காலைப் பயிற்சியைப் பார்த்தேன். ஒரு காலை உயரத் தூக்கித் தரையில் ‘தொம்’மென்று மிதிக்கிறார்கள். அடுத்த கால். மறுபடி. எனக்கு எண்ணியே அலுத்துவிட்டது. இத்தனையும் வெறும் வயிற்றில். காலை டிபன் என்ற பேச்சே அங்கே கிடையாது.

பதினோரு மணிவாக்கில்தான் சாப்பாடு. கோழி, மீன், காய்கறி எல்லாம் போட்டுக் கொதிக்கவிட்ட ‘சாங்கோ’. சமைப்பது சின்னப் பையன்கள். முதல் பந்தி பெரியவர்களுக்கு. பையன்கள் நின்று பரிமாறிவிட்டு, கடைசிப் பந்தியில் மிச்சத்தைச் சாப்பிட வேண்டும்.

பெரியவர் என்றால் வயதில் இல்லை ஸார், ரேங்க்கில். மொத்தம் ஆறு படிகள். மேல் இரண்டு படிகளில் உள்ள 70 பேருக்குத்தான் மாதச் சம்பளம். ஆரம்பமே 11 லட்சம் யென். மீதி ஐந்நூறு சொச்சம் பேருக்கு சோறு, படுக்கை, போட்டிக்குப் போட்டி கொஞ்சம் கைச்செலவுக்குப் பணம். நேற்று வந்த பொடியன் மேலே போய்விட்டால், பத்து வருஷ சீனியர் அவனுக்கு முதுகு தேய்த்துவிட வேண்டியதுதான். நம் ஆபீஸில் ஒருதரம் மேனேஜரானால் ரிட்டயராகும்வரை மேனேஜர். அங்கே தொடர்ந்து தோற்றால் சம்பளம் கட்!

கடைசிப் பந்திக்காரனுக்கு எதிர்த்துப் பேச வாயும் கிடையாது. 2007-ல் 17 வயதுப் பையன் ஒருவன் அடிபட்டுச் செத்தே போனான். அவனுடைய ஆசானுக்கு ஜெயில். 2024-ல், ஜூனியர்களை ஒருவர் அடித்த விவகாரத்தில், 45 பட்டம் வென்ற ஹகுஹோ நடத்திய ஹெயாவையே மூடி, பிள்ளைகளை வேறு ஹெயாவுக்கு அனுப்பினார்கள். பாரம்பரியம் என்று சொல்லி இதையெல்லாம் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆனாலும் ஓர் ஆளை மறக்க முடியவில்லை. ஹத்தோரிசகுரா. 2015-ல் சேர்ந்தார். 2021-ல் விலகியபோது அவர் கணக்கு: வெற்றி 3, தோல்வி 238. ஆறு வருஷமும் கீழ்ப் படிதான். விழுவார், எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு குனிந்து வணங்குவார், அடுத்த போட்டிக்கு மறுபடி வந்து நிற்பார். மேலே போனவர்களைவிட இவர்மீதுதான் எனக்கு மரியாதை.

இன்க்ரிமென்ட் லிஸ்ட்டில் பெயர் இல்லை என்று லீவு போட்ட நண்பனிடம் இவர் கதையைச் சொன்னேன். உருக்கமாகக் கேட்டுவிட்டு, கடைசியில் சொன்னான்:

“அதெல்லாம் சரிப்பா. இவர்கிட்ட மூணு தடவை தோத்துருக்காங்களே, அவங்க கதி என்ன ஆச்சு?”