ஐந்தரை மணி

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் என்னைத் தேடி வந்தால், பாடப்புத்தகம் பற்றிய பேச்சு இரண்டாவதாகத்தான் வரும். முதல் கேள்வி, "எத்தனை கிளாஸ் போறாங்க?" ஆளுக்கு இரண்டு என்று சொன்னால் முகம் வாடிவிடும். "அப்போ மிச்ச நேரமெல்லாம் என்ன பண்ணுவாங்க?"

அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். நங்கநல்லூரில் எங்கள் அடுக்ககத்தில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் எங்கள் வீட்டில் மட்டும்தான். பையனுக்கு 8 வயது, பெண்ணுக்கு 5 நடக்கும்போது தொடங்கினோம். மாமியார் ஊரிலிருந்து போன் செய்து, "புள்ள என்னம்மா பண்றான்?" என்று கேட்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். காலையில் எறும்புப் புற்றைப் பார்த்தான், மதியம் அட்டையில் பாலம் கட்டினான் என்று எப்படிச் சொல்வது? "மிருதங்கம் கத்துக்குறான் அத்தை, செஸ் போறான், பிப்ரவரில ஹிந்தி பிராத்மிக் எழுதப் போறான்" என்றால் அவர் நிம்மதியாகப் போனை வைப்பார். பிள்ளைகளுக்காகத்தான் சேர்க்கிறேன் என்று நம்பினேன். பாதி என் நிம்மதிக்காகவும்தான்.

இரண்டாம் வருடம் பையனுக்கு ஐந்து வகுப்புகள் ஆகிவிட்டன: மிருதங்கம், செஸ், ஹிந்தி, ஓவியம், பேட்மின்டன். கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு ஒன்பது மணி நேரம். நாள் முழுக்கப் பள்ளியில் இருந்துவிட்டு வரும் பிள்ளைகளே இவ்வளவு வகுப்புக்குப் போகிறார்களே, நம் பிள்ளைக்கு இது என்ன பெரிது என்று நினைத்தேன்.

நான் கூட்டியது வகுப்பு நேரத்தை மட்டும். நாலரைக்கு வகுப்பு என்றால் மூன்று மணிக்கே வீடு கிளம்பத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு பையன் எதிலும் ஆழ்ந்து உட்கார மாட்டான். "இப்ப ஆரம்பிச்சா பாதில நிறுத்தணும்மா" என்பான். சரியாகத்தான் சொன்னான். வீட்டுப் படிப்பு எங்களுக்குக் கொடுத்த பெரிய சொத்தே உடையாத மதியங்கள்தான். அவற்றை வாரத்தில் ஐந்து நாளும் உடைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை மிருதங்க வகுப்புக்குக் கிளம்பும்போது உறையைத் திறந்தேன். புளித்த வாடை அடித்தது. மிருதங்கத்தின் இடப்பக்கத்தைத் தொப்பி என்பார்கள். வாசிக்கும் முன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அதன் நடுவில் அப்ப வேண்டும். அந்தப் பக்கத்துக் கனத்த நாதம் அதனால்தான் வருகிறது. வாசித்து முடித்ததும் சுரண்டித் துடைத்துவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை வகுப்பில் அப்பிய ரவை அப்படியே காய்ந்து, வெடித்து, தோலோடு ஒட்டிக் கிடந்தது. இடைப்பட்ட இரண்டு நாளும் அவன் வாத்தியத்தைத் தொடவே இல்லை. வகுப்பிலிருந்து வகுப்புக்கு அதைச் சுமந்துகொண்டு போய் வந்திருக்கிறோம். ஈரத்துணி வைத்து ஊறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நானே சுரண்டினேன். அவனைத் திட்டத் தோன்றவில்லை. புதன்கிழமை செஸ், வியாழக்கிழமை ஹிந்தியும் ஓவியமும். எப்போது தொடுவான்?

அதைவிடப் பெரிய இழப்பைச் சின்னவள்தான் சொன்னாள். சென்னையில் வகுப்பு எடுப்பவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்காகவே நேரம் வைத்திருக்கிறார்கள். நாலரை முதல் ஏழரை வரை. எங்கள் அடுக்ககத்துப் பிள்ளைகள் பால் குடித்துவிட்டுக் கீழே இறங்குவது ஐந்தரைக்கு. பகல் முழுவதும் வீட்டில் இருந்த என் பிள்ளைகளை, மற்றவர்கள் விளையாட வரும் அந்த ஒரே நேரத்தில் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். ஒருநாள் கேட்டைத் தாண்டும்போது அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவங்க டீம் பிரிக்கறப்பல்லாம் நான் ஆட்டோலதாம்மா இருக்கேன்."

வகுப்புக்கு அனுப்பினால் நாலு பிள்ளைகளோடு பழகுவார்கள் என்பது எல்லோரும் சொல்லும் காரணம். செஸ் வகுப்பில் ஒன்றரை மணி நேரம் யாரும் யாரோடும் பேசக் கூடாது. பழக்கம் நடப்பது வெளியே, செருப்பு கழற்றும் இடத்தில், வகுப்புக்கு முன்னும் பின்னும் உள்ள கால் மணி நேரத்தில். அதற்காகவே இப்போதெல்லாம் சீக்கிரம் போய், மெதுவாகத் திரும்புகிறோம்.

அந்தக் கோடையில் ஒரு மாதம் எல்லா வகுப்பையும் நிறுத்தினோம். செஸ் பயிற்சி மையத்தில் மூன்று மாதக் கட்டணம் முன்கூட்டியே கட்டியிருந்தோம், திரும்பக் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டம்மா ஆதங்கப்பட்டார். "குகேஷும் நாலாவதோட ஸ்கூலை நிறுத்தினவர்தானே, செஸ்ஸைப் போய் விடுறீங்களே!" 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியனான பிள்ளை அவர். ஆனால் அவர் வீட்டில் பள்ளியை விட்டது ஒரே ஒரு விளையாட்டுக்காக. எங்கள் பையன் அந்த மாதம் செஸ் பலகையை எடுக்கவே இல்லை. ஹிந்தியை யாரும் கேட்கவில்லை. படம் வரைந்துகொண்டே இருந்தான். அதற்கு வகுப்பு தேவைப்படவில்லை. பேட்மின்டனுக்கு மூன்றாம் நாளே அழுதான். ஒன்பதாம் நாள் மதியம் அடுக்களையில் வந்து, "ரவை எங்கம்மா?" என்றான்.

அப்படித்தான் இரண்டு நின்றது. மிருதங்க ஆசிரியரிடம் காலை நேரம் கேட்டேன். "காலைல எனக்கு யாரும் வர்றதில்ல, தாராளமா வாங்க" என்றார். பத்து மணிக்குப் போய் வருகிறான், மதியம் முழுதாக மிஞ்சுகிறது. கூட உட்கார்ந்து வாசிக்க ஆள் இல்லாதது குறைதான். சனிக்கிழமை மாலை மட்டும், பாடும் பிள்ளைகளுக்கு வாசிக்க அனுப்புகிறேன். நீச்சலை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அது ஒரு கோடையில் கற்று முடிகிற விஷயம், கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியதும்கூட.

இரண்டு என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. ஒற்றைப் பிள்ளை உள்ள வீட்டில், கீழே இறங்கினால் விளையாட ஆளே இல்லாத தெருவில், மூன்றும் நாலும் வேண்டியிருக்கலாம். வகுப்பு நேரத்தோடு, வீட்டில் பயிற்சி செய்யும் நேரத்தையும் போய்வரும் நேரத்தையும் சேர்த்து எண்ணச் சொல்வேன்.

பையனுக்கு இப்போது 12. பத்தாம் வகுப்பு வருகிறதே, இனி மிருதங்கத்தைக் குறைக்க வேண்டாமா என்கிறார்கள். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஒருமுறை பதிவு செய்தால் 5 ஆண்டு செல்லும். பாடங்களை ஒவ்வொன்றாக எழுதித் தேறலாம். கர்நாடக இசையும் ஓவியமும் அங்கே பாடப் பட்டியலிலேயே இருக்கின்றன. எது பாடம், எது பாடத்துக்கு வெளியே என்ற கோட்டை நானாக எதற்குக் கிழிக்க வேண்டும்? குறைக்கப் போவதில்லை.

சின்னவள் இப்போது சிலம்பம் வேண்டும் என்கிறாள். அதுவும் மாலை ஐந்தரைக்குத்தான். ஐஸ்பாய் விளையாட்டு போய்விடுமே என்றேன். "தெரியும்மா" என்றாள். சேர்க்கவில்லை இன்னும். இரண்டு வாரமாக மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறோம். வீட்டுக்கு வந்ததும் ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுகிறாள். இந்த வாரமும் போய்ப் பார்க்கப் போகிறோம்.