கல்குடாவும் கழற்றி வைத்த கவசமும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது கல்குடா. ஏறாவூர், வந்தாறுமூலை, சித்தாண்டி, கிரான் ஆகிய ஊர்களைக் கடந்து செல்லும் வழியெங்கும் வயல்வெளிகளும் வாவியின் கிளைகளும் மாறிமாறிக் காட்சி தருகின்றன. பாதை முடியுமிடத்தில் கடல். ஒருபால் பாசிக்குடாவின் ஆழமற்ற அமைதியான நீர். மறுபால் கல்குடாவின் நீண்ட மணற்கரை. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை சூறையாடிய கரை இது. நீண்ட போரின் துயரையும் இக்கரை கண்டது. இன்று பாசிக்குடாவில் உல்லாச விடுதிகள் எழுந்து நிற்கின்றன.

இவ்வழியே செல்வோர் பெரும்பாலும் கடலைக் காணவே விரைகின்றனர். வேளாண்மை வெட்டு நடக்கும் மாசி, பங்குனி மாதங்களில் வயலோரம் சற்று நின்று பார்ப்பதும் பயனுடையதே. பெரிய அறுவடை இயந்திரங்கள் பெருகிவிட்ட இந்நாளிலும் ‘லாண்ட்மாஸ்டர்’ என்று மக்கள் அழைக்கும் இருசில்லு உழவு இயந்திரம் இங்கே ஓய்வறியாது உழைக்கின்றது. அதன் எஞ்சினிலிருந்து கிளச்சுக்கு விசையைக் கொண்டுசெல்வது பக்கவாட்டில் ஓடும் பெல்ட். அந்தப் பெல்ட்டை மூடுவதற்கென்றே ஒரு தகட்டுக் கவசம் உண்டு. வரம்போரம் நின்ற ஓர் இயந்திரத்தில் அக்கவசத்தைக் காணவில்லை.

“கவசம் எங்கே தம்பி?” என்று வினவினேன்.

“அதப் போட்டா பெல்ட் மாத்தச் சுணங்கும் சேர். கழட்டி வீட்ட வெச்சிருக்கம்” என்றார் அந்த இளைஞர், சாரனை மடித்துக் கட்டியபடியே.

கவசத்தின் அருமையை அறிய, வேகத்தையே தெய்வமாகக் கொண்டாடும் ஒரு விளையாட்டின் வரலாற்றை நோக்குதல் நன்று. இரு வாகனங்கள் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, கால் மைல் நேர்ப்பாதையில் முந்துவது ‘டிராக்’ பந்தயம். அமெரிக்காவில் இதனை ஒழுங்குபடுத்த 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கம் தோன்றியது. இப்பந்தயத்தில் புறப்படும் கணத்தில் எஞ்சினின் வலிமை முழுவதையும் தாங்குவது கிளச்சே. அதனையும், பிளைவீல் என்னும் கனத்த சில்லையும் மூடியிருப்பது மணி வடிவான ஒரு கூடு. அதனைப் ‘பெல் ஹவுசிங்’ என்பர்.

சுழலும் பொருளின் வேகம் இரட்டித்தால், அதனைப் பிய்க்க முயலும் விசை நான்கு மடங்காகும். 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பிளைவீல் நிமிடத்துக்கு 8000 முறை சுழல்வதாகக் கொள்வோம். அதன் விளிம்பு மணிக்கு 450 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். அவ்விளிம்பிலுள்ள 10 கிராம் இரும்பைப் பிடித்து வைத்திருக்க, 100 கிலோகிராம் எடையைத் தூக்குவதற்கு வேண்டியதினும் மிகுந்த விசை வேண்டும். வார்ப்பிரும்பு இத்தகைய இழுவிசைக்கு நெடுநேரம் தாக்குப்பிடியாது. அது வெடித்தால் மெல்லிய அலுமினியக் கூடும் சிதறும். துண்டுகள் குண்டுகள் போலப் பாயும். அக்காலப் பந்தய வாகனங்களில் எஞ்சின் முன்னே, ஓட்டுநர் பின்னே. கிளச்சும் கியர்ப்பெட்டியும் அவருடைய கால்களுக்கு அருகே!

1970 மார்ச் 8ஆந் திகதி கலிபோர்னியாவில், புகழ்பெற்ற வீரர் டொன் கார்லிட்ஸின் கியர்ப்பெட்டி வெடித்து வாகனம் இரண்டாகப் பிளந்தது. வலது பாதத்தின் ஒரு பகுதியை அவர் இழந்தார். மருத்துவமனையிலிருந்து மீண்டவர் பந்தயத்தைத் துறக்கவில்லை. எஞ்சினைத் தமக்குப் பின்னால் அமைத்துப் புதிய வாகனத்தை ஆக்கினார். 1971இல் அதிலேயே வெற்றியும் கண்டார். பிறரும் அவ்வழியைப் பின்பற்றினர்.

கிளச்சின் காவலும் படிப்படியாக வளர்ந்தது. வார்ப்பிரும்புச் சில்லின் இடத்தை உருக்குச் சில்லு பெற்றது. அலுமினியக் கூட்டுக்குப் பதிலாகத் துண்டுகளைத் தடுக்கும் தடித்த உருக்குக் கூடு வந்தது. 1978இல் நிறுவப்பட்ட எஸ்.எப்.ஐ. அமைப்பு, கிளச்சுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் தனித்தனித் தரவிதிகளை வகுத்தது. கவசம் அணிவது வீரரின் விருப்பமாக இருந்த நிலை மாறி, அஃதில்லாத வேக வாகனம் களத்தில் இறங்கலாகாது என்றாயிற்று. நமக்கு அண்மையிலும், கட்டுக்குருந்தை, சோழவரம் விமான ஓடுபாதைகளில் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்ததுண்டு. அவ்வாறு வேகத்துக்கென ஒதுக்கிய களத்திலேயே இத்தனை காவல் வேண்டுமென்றால், மாடும் மழலையும் குறுக்கே வரும் நம் ஊர் வீதியில் மோட்டார்ச் சைக்கிளைப் பறக்கவிடும் இளைஞர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வயல் இயந்திரம் அத்தனை வேகத்தில் சுழல்வதில்லை. அதன் சில்லு வெடிப்பதும் அரிது. அங்குள்ள ஆபத்து வேறு. சாரனின் ஒரு நுனி பெல்ட்டில் அகப்பட்டால் போதும். கையோ காலோ அதனுடன் இழுபட்டுப் போகும். எனினும் இரண்டிடத்தும் பாடம் ஒன்றே. கவசம் நாள்தோறும் வீண் சுமையாகவே தோன்றும். அதன் தேவை ஒரு கணத்தில் வந்து மறையும். அக்கணம் எப்போது வருமென்று எவரும் முன்னறிவதில்லை.

பந்தய வீரர்கள் இந்த அறிவைத் தம் உடலுறுப்புகளை விலையாகக் கொடுத்துப் பெற்றனர். நம் உழவர் அதனை விலையின்றியே பெறலாம். மேலதிகமாகச் செலவாவது பெல்ட் மாற்றும் சில நிமிடங்களே. அலையையும் போரையும் தாண்டி வந்த இந்த மண்ணின் பிள்ளைகள், வீட்டு மூலையில் கிடக்கும் தகட்டை மீண்டும் பூட்டிய பின்னரே வயலில் இறங்குதல் வேண்டும்.