சுமைகூலி முக்கால் பணம்

கனவு காண்பதற்குக் காசு வேண்டாம். ஆனால் கண்ட கனவைக் கணக்கு நோட்டில் எழுதிப் பார்க்கத் துணிவு வேண்டும், நண்பர்களே! சென்ற பருவத் தேர்வு முடிந்த இரவில் அப்படியொரு கணக்கு எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் 1984-ஆம் ஆண்டு அம்பாஸடர் கார் ஒன்று உண்டு. திருச்சியில் அப்பா அதை வாடகைக்கு ஓட்டித்தான் என்னைப் படிக்க வைத்தார். இப்போது தொழிலை விட்டுவிட்டார், வண்டியை விடவில்லை. அந்தக் கிழ வண்டிக்குப் புது இதயம் பொருத்தி அப்பாவுக்குப் பரிசளிக்க வேண்டும் என்பது என் ஆசை. உதவித்தொகையில் மிச்சம் பிடித்த 60,000 ரூபாய் கையில் இருந்தது.

நாம் படிப்பதோ கல்கத்தாவில். அம்பாஸடர் பிறந்த உத்தர்பாரா அருகில்தான். 2014-இல் அங்கே தயாரிப்பு நின்றுவிட்டாலும், மல்லிக் பஜாரில் பழைய வண்டிகளின் உறுப்புகள் கிடைக்கின்றன. எங்கள் வண்டியின் எஞ்சின் 1,489 சி.சி.; ஏறக்குறைய 50 குதிரைத் திறன். 1990-களில் அதே அம்பாஸடரில் 1,817 சி.சி. இஸுஸு எஞ்சினும் ஐந்து கியரும் வைத்து ஒரு வகை வந்தது. அத்தகைய எஞ்சின் ஒன்றைக் கியர்பெட்டியோடு 35,000 ரூபாய்க்குத் தருவதாக ஒரு கடைக்காரர் சொன்னார். அன்று எனக்குத் தூக்கமே இல்லை!

மறுநாள் நோட்டை விரித்தேன். எஞ்சின் மாறினால் அதைத் தாங்கும் மவுண்டுகள் மாற வேண்டும். கியர்பெட்டி மாறினால் பின் அச்சுக்குச் செல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளத்தை மாற்றிச் சமன் பார்க்க வேண்டும். ரேடியேட்டர், சைலன்ஸர் குழாய், கிளட்ச், ஒயரிங் என்று பட்டியல் நீண்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பாட்டி சொல்வது இதைத்தான் அன்றோ!

பிரேக்கை எண்ணியபோது வியர்த்தது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போன வண்டி 80-இல் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலோ ஏறக்குறைய முக்கால் பங்கு கூடிவிடுகிறது. சட்டமும் குறுக்கே நின்றது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு.

அப்போதுதான், முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அப்பா, நம்ம வண்டி எஞ்சின்ல என்ன குறை?"

"எஞ்சினா? அது நல்லாத்தானே இருக்கு தம்பி! பள்ளத்துல இறங்குனா இடுப்புல அடிக்குது. அதுக்கு ஏதாச்சும் வழி இருந்தா பாரு."

நான் வெட்கத்தால் வாயடைத்துப் போனேன். வண்டியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்; அதை ஓட்டுகிறவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனவே திட்டம் மாறியது. பின்புறத்து ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றித் துருவை நீக்கி, ஒடிந்ததை மாற்றி, இழந்த வளைவை மீண்டும் ஏற்ற வேண்டும். ஒரு பட்டையை எடுத்துவிட்டால் வண்டி மெத்தென்று போகும் என்று யோசனை சொல்வோர் உண்டு. எடுத்தால் மற்றப் பட்டைகள் சுமை தாங்காமல் தொய்ந்துவிடும். இறுகிப்போன ரப்பர் புஷ்களும் ஓய்ந்துபோன ஷாக் அப்ஸார்பர்களும் புதிதாக வேண்டும். முன்புறத்தில் டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பியைச் சோதித்து, இருபுறமும் உயரத்தைச் சமமாக்க வேண்டும். அதன்பின் பிரேக் ஷூக்களும் ஹோஸ்களும். இவற்றுக்கு 40,000 ரூபாய். மிச்சம் 20,000-ஐத் தொடப் போவதில்லை. பழைய வண்டியைப் பிரித்தால் எதிர்பாராத பழுது ஒன்றாவது தலை நீட்டும்.

எஞ்சின் ஆசை செத்துவிட்டதா என்று கேட்கிறீர்களா? இல்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அது உறங்குகிறது. கோடை விடுமுறையில் ஊருக்குப் போனதும் முதல் வேலை பட்டைகளைக் கழற்றுவது. அப்பா அருகில் இருந்து சொல்லச் சொல்ல, நான் ஸ்பானர் பிடிப்பேன்.